பான்ஃப் மலையூரில் சீசன் வேலைக்கு வந்து நிரந்தரமாகக் குடியேறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரில், கால்கரி நகரத்திலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரக் கார் பயணத்தில் பான்ஃப் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 8,305. ஆனால் பான்ஃப் தேசியப் பூங்காவைப் பார்க்க ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். அவ்வளவு பேருக்கும் அறை சுத்தம் செய்ய, சமைக்க, பரிமாற, பனிச்சறுக்கு மலையில் லிஃப்ட் இயக்க உள்ளூர் ஆட்கள் போதாது. அதனால் ஆஸ்திரேலியா, ஜப்பான், பிரிட்டன், பிலிப்பைன்ஸ், இந்தியா என்று பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

வரும்போது பெரும்பாலானவர்கள் ஒரு சீசனுக்குத்தான் வருகிறார்கள். அவர்களில் சிலர் மட்டும் இங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பான்ஃபில் நிரந்தரமாக வாழ இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒன்று, கனடாவில் நிரந்தரமாக வாழ்வதற்கான உரிமையான பி.ஆர். இன்னொன்று, தேசியப் பூங்காவுக்குள் வசிப்பதற்கான தகுதி. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி, வீடு தேடும் நாளில்தான் பலருக்குத் தெரிய வருகிறது. இரண்டுமே நீங்கள் எந்த வேலையில், எப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தவை. ஆகவே முதல் ஆண்டில் எடுக்கும் வேலை முடிவுகள்தான் மிக முக்கியமானவை.

ஊரின் சட்டத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

கனடாவின் முதல் தேசியப் பூங்கா 1885இல் இங்கே தொடங்கியது. பான்ஃப் தனி நகராட்சியானது 1990இல்தான். நகராட்சி ஆன பிறகும் நிலம் முழுவதும் மத்திய அரசுக்கே சொந்தம். இங்கே வீடு வாங்குபவர் கட்டடத்தை வாங்குகிறார், நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார். அந்தக் குத்தகை வழக்கமாக 42 ஆண்டுகளுக்கு. ஊரின் பரப்பளவு ஏறக்குறைய நான்கு சதுர கிலோமீட்டர். சுற்றிலும் காடும் மலையும் வனவிலங்குகளும். அதனால் ஊர் விரிவடைய வழியில்லை, விரிவடையக் கூடாது என்பதுதான் சட்டமும்.

இந்தக் காரணத்தால், பூங்காவுக்குள் வசிக்கத் தகுதி உள்ளவர்கள் யார் என்று மத்திய அரசின் குத்தகை விதிகள் வரையறுத்துவிட்டன. முக்கியமானவர்கள் இவர்கள்: பூங்காவுக்குள் முதன்மை வேலை பார்ப்பவர், பூங்காவுக்குள் தொழில் நடத்துபவர் (தினசரி நடத்துவதற்கு அவர் நேரில் இருந்தாக வேண்டும்), பூங்காவுக்குள் உள்ள கல்வி நிறுவனத்தில் முழுநேரம் படிப்பவர், குறிப்பிட்ட நிபந்தனைகளை நிறைவு செய்த ஓய்வுபெற்றவர், மற்றும் இவர்களுடைய துணைவரும் இவர்களைச் சார்ந்திருப்பவர்களும்.

கனடாவிலேயே பிறந்தவர், கோடிக்கணக்கில் பணம் வைத்திருப்பவர் என்றாலும் இந்த விதி பொருந்தும். விடுமுறைக் கால வீடு வாங்கிப் போட முடியாது. டொராண்டோ நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை செய்துகொண்டு இங்கே மலையைப் பார்த்தபடி வாழவும் முடியாது. வாடகைக்கு இருப்பவருக்கும் இதே விதிதான். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் என் பார்வையில், உழைப்பவர்களுக்கு இந்த ஊரில் இன்னும் இடம் இருக்கிறதென்றால் அதற்கு இந்த விதி பெரிய காரணம். இது இல்லாவிட்டால் வீடுகள் எல்லாம் வார இறுதிப் பணக்காரர்களிடம் போயிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து சீசனுக்கு வந்தவர்கள் இந்த மலைகளில் குடியேறியது இன்று நேற்று நடந்ததல்ல. 1899இல் கனடியன் பசிபிக் ரயில்வே நிறுவனம் எட்வர்ட் ஃபொய்ஸ், கிறிஸ்டியன் ஹேஸ்லர் என்ற இரண்டு சுவிஸ் மலை வழிகாட்டிகளை அழைத்து வந்தது. அவர்களும் அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும் கோடையில் வேலை செய்துவிட்டு, குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பிப் போவார்கள். ஆண்டுதோறும் இப்படிப் போய் வருவது நிறுவனத்துக்குச் செலவு. 1912 வாக்கில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோல்டன் ஊருக்கு அருகே எடெல்வைஸ் என்ற குடியிருப்பைக் கட்டி, வழிகாட்டிகளின் குடும்பங்களை அங்கே குடியமர்த்தியது. ஆள் தங்க வேண்டுமென்றால் வீடும் ஆண்டு முழுவதற்குமான பிழைப்பும் வேண்டும் என்று அன்றைய முதலாளி கண்டுகொண்டார். இன்றும் இந்த மலையூர்களில் யார் தங்குகிறார், யார் போகிறார் என்பதை அந்த இரண்டுமே தீர்மானிக்கின்றன.

படி 1: எந்த வொர்க் பர்மிட்டில் வருகிறீர்கள்?

பான்ஃபில் வெளிநாட்டு இளைஞர்கள் அதிகம் வருவது ஐ.இ.சி. எனப்படும் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தின் வொர்க்கிங் ஹாலிடே பர்மிட்டில். 18 வயதிலிருந்து நாட்டைப் பொறுத்து 30 அல்லது 35 வயது வரை விண்ணப்பிக்கலாம். எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். இந்தியாவும் இலங்கையும் அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆனால் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே, டென்மார்க், ஆஸ்திரேலியா கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஈழத் தமிழர் பிள்ளைகளுக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது. லண்டனிலோ பாரிஸிலோ வளர்ந்த பலருக்கு இது தெரியவே இல்லை. சுவிஸ் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு வொர்க்கிங் ஹாலிடே கிடையாது. படித்த துறையில் வேலை, பயிற்சி ஆகியவற்றுக்கான பிரிவுகள் மட்டும் உண்டு.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஊரிலிருந்து நேரே வருவதற்கு வழக்கமான வழி எல்.எம்.ஐ.ஏ. 'இந்த வேலைக்குக் கனடாவில் ஆள் கிடைக்கவில்லை' என்று முதலாளி அரசிடம் நிரூபித்து வாங்கும் ஒப்புதல் அது. அதற்கான 1,000 டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளியிடமிருந்து வசூலிப்பது சட்டவிரோதம். குறைந்த ஊதியப் பிரிவில் வருகிறவருக்குப் போக வரப் பயணச் செலவை முதலாளி தர வேண்டும். கட்டுப்படியாகும் வீடு இருப்பதையும் அவரே உறுதி செய்ய வேண்டும். மாகாண மருத்துவக் காப்பீடு கிடைக்கும் வரை தனியார் காப்பீடும் அவர் பொறுப்பு. செப்டம்பர் 2024 முதல் இந்தப் பிரிவின் பர்மிட் அதிகபட்சம் ஓராண்டுக்கே கிடைக்கிறது. பெரும்பாலான துறைகளில், ஒரு நிறுவனத்தின் மொத்த ஆட்களில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி எடுக்க முடியாது. ஆகவே இன்றைய நிலையில் இது குறுகலான வழி.

இதற்காகச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பல லட்சம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் தயவுசெய்து போகாதீர்கள். ஆல்பர்ட்டா சட்டப்படி, வேலை வாங்கித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் பணம் வாங்கவே கூடாது. குடியேற்ற ஆலோசகர் என்று சொல்பவரின் உரிம எண், கனடாவின் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி பிரெஞ்சு. கியூபெக் தவிர்த்த மாகாணங்களில், பிரெஞ்சு தெரிந்தவரை எல்.எம்.ஐ.ஏ. இல்லாமலே வேலைக்கு எடுக்க மொபிலிட்டே ஃபிராங்கோஃபோன் என்ற திட்டம் அனுமதிக்கிறது. ஜூன் 2023இல் பண்ணை வேலை தவிர ஏறத்தாழ எல்லா வேலைகளுக்கும் இதை விரித்துவிட்டார்கள். வேலையில் பிரெஞ்சு பேச வேண்டிய தேவை இருக்க வேண்டியதில்லை. நடுத்தர அளவில் பேசவும் கேட்கவும் தெரிந்தால் போதும். பிரெஞ்சுக் குடியுரிமையும் தேவையில்லை. புதுச்சேரியில் பள்ளியிலேயே பிரெஞ்சு படித்து, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. பல ஹோட்டல் முதலாளிகளுக்கே இப்படியொரு திட்டம் இருப்பது தெரியாது. நேர்காணலில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

நான்காவது, ஏற்கெனவே கனடாவில் படித்து, படிப்பு முடித்தவர்களுக்குத் தரும் பி.ஜி.டபிள்யூ.பி. என்ற வொர்க் பர்மிட்டை வைத்திருப்பவர்கள். டொராண்டோவில் வாடகைக்கே சம்பளம் போகிறது என்று இங்கே வருகிறவர்கள் உண்டு. அந்தப் பர்மிட் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். அதன் ஒவ்வொரு மாதத்தையும் அடுத்த படியை மனத்தில் வைத்துச் செலவிடுங்கள்.

படி 2: வேலையின் நிலையைப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கனடா ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் கொடுத்து, 0 முதல் 5 வரை டீர் என்ற நிலையில் வைத்திருக்கிறது. 0 மேலாளர் நிலை. 5 என்றால் சில நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளும் வேலை.

ஹோட்டல் உலகில் அது எப்படி அமைகிறது? அறை சுத்தம் செய்பவர் 5. பாத்திரம் கழுவுபவர், சமையலறை உதவியாளர் 5. உணவு பரிமாறுபவர் 5. முன்மேசை கிளார்க், பார்டெண்டர் 4. பனிச்சறுக்குப் பயிற்சியாளர்கூட 4தான். சமையல்காரர், பேக்கர் 3. செஃப், உணவுப் பிரிவு சூப்பர்வைசர், ஹவுஸ்கீப்பிங் தலைவர் 2. உணவக மேலாளர், ஹோட்டல் மேலாளர் 0.

மதிப்பெண் பார்த்து பி.ஆர்.க்கு அழைக்கும் மத்திய அரசுத் திட்டமான எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் கனடா அனுபவப் பிரிவு, 0 முதல் 3 வரையான வேலைகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். நான்கு ஆண்டுகள் முன்மேசையில் சிரித்த முகத்தோடு நின்றவருக்கு அந்தப் பிரிவில் ஒரு நாள் அனுபவமும் சேராது. அதே ஹோட்டலின் அடுப்படியில் ஓராண்டு நின்ற சமையல்காரருக்குச் சேரும். பரிமாறுபவருக்கு டிப்ஸ் அதிகம், கையில் உடனே காசு. சமையல்காரருக்கு டிப்ஸ் குறைவு, உழைப்பு அதிகம். இங்கேயே தங்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் அடுப்படிக்குப் போவதே நல்லது என்பேன். அல்லது, இருக்கும் பிரிவிலேயே சூப்பர்வைசராக என்ன வழி என்று முதல் சீசனிலேயே கேட்டு வையுங்கள்.

பதவிப் பெயர் மட்டும் போதாது. அரசின் விளக்கத்தில் அந்த வேலைக்கு எழுதியிருக்கும் பணிகளை நீங்கள் உண்மையில் செய்திருக்க வேண்டும். 'சூப்பர்வைசர்' என்று பெயர் கொடுத்துவிட்டு அறைகளையே கூட்டச் சொன்னால், அது சூப்பர்வைசர் அனுபவம் ஆகாது.

ஒரு எச்சரிக்கை. எல்.எம்.ஐ.ஏ. பர்மிட்டில் முதலாளியின் பெயரும் வேலையும் எழுதியிருக்கும். சமையலறை உதவியாளராக வந்தவரை, முதலாளி நல்ல மனத்தோடுதான் சமையல்காரராக உயர்த்துகிறார் என்றாலும், புதிய பர்மிட் வாங்காமல் அந்த வேலையைச் செய்யக் கூடாது. அனுமதி இல்லாமல் செய்த வேலை பி.ஆர். கணக்கில் சேராது. பிறகு சிக்கலாகவும் வந்து நிற்கும்.

படி 3: ஒப்பந்தத்தில் 'சீசன்' என்ற சொல் இருக்கக் கூடாது

பி.ஆர்.க்கு ஆட்களை மாகாணமே தேர்ந்து முன்மொழியும் ஆல்பர்ட்டாவின் மாகாண நியமனத் திட்டமான ஏ.ஏ.ஐ.பி.யில் பகுதிநேர, தற்காலிக, சீசன் வேலைகள் செல்லாது. வாரம் ஐம்பது மணி நேரம் உழைத்தாலும், ஒப்பந்தத்தில் அது சீசன் வேலை என்று இருந்தால் தகுதி இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பான்ஃபில் இரண்டு உச்ச காலங்கள் உண்டு. நவம்பரில் தொடங்கும் பனிச்சறுக்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரை கோடை. இடையில் ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும், மறுபடி அக்டோபரிலும் ஊர் ஓய்ந்துவிடும், வேலை நேரம் குறையும். அந்த மாதங்களிலும் உங்களை வைத்திருக்கும் முதலாளி யார் என்று பார்த்துச் சேருங்கள். பனிச்சறுக்கு மலைகளைவிட, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஹோட்டல்கள் இதற்குச் சாதகம். மருத்துவமனை, பள்ளி, நகராட்சி, மளிகைக் கடை ஆகிய இடங்களும் அப்படியே.

முதல் சீசன் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே மனிதவளப் பிரிவில் போய்ப் பேசுங்கள். 'எனக்கு இங்கேயே இருக்க விருப்பம், ஆண்டு முழுவதுமான முழுநேரப் பணியாக மாற்ற முடியுமா' என்று நேரடியாகக் கேளுங்கள். நம்மில் பலர் கேட்கத் தயங்கி, அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறோம். இங்கே கேட்பதைத் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒவ்வொரு சீசனும் புது ஆளைப் பழக்கிக் களைத்துப் போன மேலாளருக்கு, தங்குகிறேன் என்று சொல்லும் ஆள் பெரிய நிம்மதி.

படி 4: வீடு

பெரும்பாலான பெரிய முதலாளிகள் பணியாளர் விடுதி தருகிறார்கள். அறையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். முதல் ஆண்டுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால் வேலை போனால் அறையும் போகும். அதனால் வேலையை மாற்றுவதற்கு முன் அடுத்த கூரை எது என்று தெரிந்திருக்க வேண்டும். தகராறு வந்தால் கையில் இருக்கட்டும் என்று, விடுதி ஒப்பந்தத்தின் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வீடு எடுக்கும்போது ஆல்பர்ட்டா சட்டப்படி முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. வீட்டை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். வீட்டுப் பஞ்சம் உள்ள ஊரில் மோசடி விளம்பரங்கள் நிறைய.

நகராட்சியும் வீடு கட்டியிருக்கிறது. 2018இல் திறந்த டினு என்ற குடியிருப்பில் 131 வாடகை வீடுகள் உள்ளன. பான்ஃப் வீட்டுவசதிக் கழகம், விலைக் கட்டுப்பாடுள்ள வீடுகளையும் விற்கிறது. சந்தை விலையைவிடக் குறைவாக வாங்கலாம், விற்கும்போதும் கட்டுப்பாட்டுக்குள்தான் விற்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் உண்டு. ஆகவே தகுதி கிடைத்த அன்றே பெயரைப் பதிந்து வையுங்கள், வீடு தேவைப்படும் வரை காத்திருக்க வேண்டாம்.

பூங்காவின் கிழக்கு வாசலுக்கு வெளியே, பான்ஃபிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் கேன்மோர் என்ற ஊர். அங்கே வசிப்பு விதி இல்லை. அங்கிருந்து பான்ஃபுக்கு ரோம் (Roam) என்ற உள்ளூர்ப் பேருந்து ஓடுகிறது. ஆனால் விதி இல்லாததால் பணக்காரர்களின் விடுமுறை வீடுகள் அங்கே குவிந்து, விலை ஏறிவிட்டது. 2023இல் ஆல்பர்ட்டா ஊர்களில் கௌரவமாக வாழத் தேவைப்படும் ஊதியத்தைக் கணக்கிட்டபோது கேன்மோர்தான் முதலிடத்தில் நின்றது: மணிக்கு 38.80 டாலர். மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி 2018 முதல் 15 டாலர்தான்.

படி 5: முதல் மாதத்திலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்

வந்தவுடன் எஸ்.ஐ.என். எனப்படும் சமூகக் காப்பு எண் வாங்குங்கள். தற்காலிகப் பணியாளருக்கு அது 9இல் தொடங்கும், பர்மிட் தேதியோடு காலாவதியாகும். பர்மிட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இதையும் புதுப்பிக்க வேண்டும்.

ஆல்பர்ட்டா மருத்துவக் காப்பீட்டுக்குச் சந்தா இல்லை. மாகாணத்தில் 12 மாதமாவது தங்கும் எண்ணம் இருப்பவர்கள், வந்து மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். குறுகிய பர்மிட்டில் வந்தவர்கள் தனியார் காப்பீடு இல்லாமல் ஒரு நாளும் இருக்க வேண்டாம். பனியில் வழுக்கி விழுந்து கால் முறிவது இந்த ஊரில் சாதாரணம்.

அப்புறம், ஒரு கோப்பு தொடங்குங்கள். ஒவ்வொரு சம்பளச் சீட்டும், முதலாளி ஆண்டுதோறும் தரும் டி4 என்ற வருமானப் படிவமும், வருமான வரி அலுவலகத்தின் மதிப்பீட்டுக் கடிதமும், எல்லா ஒப்பந்தங்களும் அதில் இருக்கட்டும். வேலையை விட்டு விலகும் முன், பதவிப் பெயர், பணிகள், வார மணி நேரம், சம்பளம், தொடங்கிய தேதி, முடிந்த தேதி எல்லாம் இருக்கும் கடிதத்தை முதலாளியிடம் வாங்கிவிடுங்கள். சீசன் ஊரில் மேலாளர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து உங்களை ஞாபகம் வைத்திருக்க அங்கே யாரும் இல்லாமல் போகலாம்.

வருமான வரிக் கணக்கை ஏப்ரல் 30க்குள் தாக்கல் செய்யுங்கள். டிப்ஸுக்கும் வரி உண்டு.

படி 6: பி.ஆர். வழியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகளைப் பற்றிச் சொல்கிறேன். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, விண்ணப்பிக்கும் நாளில் அரசின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

முதலாவது, ஏ.ஏ.ஐ.பி.யின் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் பிரிவு. மார்ச் 2024இல் தொடங்கியது. பான்ஃப் போன்ற ஊர்களுக்காகவே செய்தது போன்ற பிரிவு இது. அறை சுத்தம், பரிமாறுதல், முன்மேசை, சமையலறை உதவி போன்ற, எக்ஸ்பிரஸ் என்ட்ரி கண்டுகொள்ளாத வேலைகளும் இதில் இடம்பெறுகின்றன. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் முழுநேர வேலை, அவரிடமிருந்தே முழுநேர வேலை உறுதி, சி.எல்.பி. என்ற கனடிய மொழி அளவுகோலில் 4ஆம் நிலை ஆங்கிலம், பள்ளி இறுதிக்கு இணையான கல்வி ஆகியவை முக்கிய நிபந்தனைகள். முதலாளி அங்கீகரிக்கப்பட்ட துறை அமைப்பு ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். இதை மனிதவளப் பிரிவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். எல்லா வகை வொர்க் பர்மிட்டும் இதற்குச் செல்லாது, உங்களுடையது ஏற்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செப்டம்பர் 2024 முதல் நேரே விண்ணப்பிக்க முடியாது. விருப்பத்தைப் பதிந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். இடங்களும் குறைவு. ஆல்பர்ட்டாவுக்கு 2024இல் 9,750 நியமனங்கள் கிடைத்தன. 2025 தொடக்கத்தில் மத்திய அரசு அதை 4,875 ஆக, சரிபாதியாக வெட்டியது. பிறகு கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். தகுதி இருந்தும் அழைப்பு வராமல் போகலாம் என்பதால் இந்த ஒரு வழியை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இரண்டாவது, அதே திட்டத்தின் ஆல்பர்ட்டா வாய்ப்புப் பிரிவு. பொதுவாகக் கடந்த 18 மாதத்தில் 12 மாதம் ஆல்பர்ட்டாவில் முழுநேரம் வேலை செய்திருக்க வேண்டும், அதே தொழிலில் வேலை உறுதியும் வேண்டும்.

மூன்றாவது, எக்ஸ்பிரஸ் என்ட்ரி. கனடா அனுபவப் பிரிவுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம், டீர் 0 முதல் 3 வரையான வேலை வேண்டும். இதில் ஒரு வசதி உண்டு. ஒரே முதலாளியிடம் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் திறந்த பர்மிட் வைத்திருக்கும் சமையல்காரர் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு மலையிலும் கோடையில் ஹோட்டலிலும் வேலை செய்து, இரண்டையும் கூட்டிக் காட்டலாம். வாரம் 30 மணிக்கு மேல் செய்தது கணக்கில் சேராது, அதனால் ஓவர்டைம் பார்த்து ஆண்டைச் சுருக்க முடியாது.

சிக்கல் மதிப்பெண்ணில்தான். 2025இல் இந்தப் பிரிவில் அழைப்பு வரத் தேவைப்பட்ட மதிப்பெண் 500க்கு மேலேயே நின்றது. அந்த ஆண்டு மார்ச்சில், வேலை உறுதிக்குக் கொடுத்துவந்த மதிப்பெண்ணையும் எடுத்துவிட்டார்கள். பணம் கொடுத்து எல்.எம்.ஐ.ஏ. வாங்கும் மோசடியைத் தடுக்க எடுத்த முடிவு அது. ஆனால் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான தனி அழைப்புக்கு அதே மாதத்தில் மதிப்பெண் 379 வரை இறங்கியது. மாகாண நியமனம் கிடைத்தால் 600 மதிப்பெண் கூடும். பிரெஞ்சை மறுபடி மறுபடி சொல்வதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். ஓய்ந்த மாதங்களில் மாலை வேளைகளை அதற்கு ஒதுக்கினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பலன் தெரியும்.

ஆங்கிலத் தேர்வுக்கு ஐஈஎல்டிஎஸ் ஜெனரல், செல்பிப் ஜெனரல், பிடிஈ கோர் மூன்றும் செல்லும். முடிவு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லுபடியாகும். ஊரில் படித்த பட்டத்துக்கு மதிப்பீட்டுச் சான்று வாங்க பல்கலைக்கழகத்திலிருந்து சான்றிதழ் அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இதை முதலிலேயே தொடங்குங்கள்.

படி 7: பர்மிட் தேதியைக் கவனியுங்கள்

பர்மிட் முடியும் முன் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் வரை பழைய நிபந்தனைகளோடு வேலை செய்யலாம். ஒரு நாள் தவறினாலும் அந்த உரிமை போய்விடும். எல்லைக்குப் போய்த் திரும்பி அன்றே புதுப்பிக்கும் பழைய வழியை டிசம்பர் 2024இல் மூடிவிட்டார்கள். கடவுச்சீட்டின் காலத்துக்கு மேல் பர்மிட் தர மாட்டார்கள், ஆகவே கடவுச்சீட்டையும் முன்கூட்டியே புதுப்பியுங்கள்.

முதலாளி கொடுமைப்படுத்துகிறார், சம்பளம் தரவில்லை, கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார் என்றால் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். ஒரே முதலாளியோடு கட்டிப்போட்ட பர்மிட்டில் இருந்து துன்புறுத்தலுக்கு ஆளாகும் தொழிலாளருக்கு, வேறு எங்கும் வேலை செய்யும் திறந்த பர்மிட் தரும் வழி 2019 முதல் இருக்கிறது. குறுஞ்செய்திகள், சம்பளச் சீட்டுகள், புகைப்படங்கள் எல்லாம் அதற்குச் சான்று.

குடும்பம்

கசப்பான செய்தி ஒன்று. ஜனவரி 2025 முதல், வெளிநாட்டுப் பணியாளரின் துணைவருக்குத் திறந்த பர்மிட் தருவதை மிகவும் சுருக்கிவிட்டார்கள். டீர் 0, 1 வேலைகளுக்கும், டீர் 2, 3இல் குறிப்பிட்ட சில தொழில்களுக்கும் மட்டுமே அது கிடைக்கும். அறை சுத்தம் செய்பவரின் கணவரோ, பரிமாறுபவரின் மனைவியோ அந்த வழியில் வேலை அனுமதியோடு வர முடியாது. பி.ஆர். விண்ணப்பத்தில் துணைவரையும் பிள்ளைகளையும் விடாமல் குறிப்பிடுங்கள், அவர்கள் இப்போது உடன் வராவிட்டாலும் சரி. குறிப்பிடாமல் விட்டவரைப் பின்னால் ஸ்பான்சர் செய்வது பெரும்பாடு.

பிள்ளைகள் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் பற்றிக் கவலை வேண்டாம். ஊரிலேயே தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. சிறிய மருத்துவமனையும் உண்டு.

ஊரோடு சேர்வது

நகராட்சி நடத்தும் போ வேலி குடியேற்றச் சேவை மையத்துக்குக் கட்டாயம் போங்கள். படிவம் நிரப்புவது, குடியேற்றக் கேள்விகள், ஆங்கில வகுப்புக்கு வழிகாட்டுவது எல்லாம் இலவசம். வேலை தேடவும் விண்ணப்பம் எழுதவும் வேலை வள மையம் இருக்கிறது, அதுவும் இலவசம். இந்த உதவிகள் இருக்கும்போது முகம் தெரியாத வாட்ஸ்அப் குழுவின் ஆலோசனையை நம்புவது வீண்.

சீசன் ஆட்களின் உலகத்துக்குள்ளேயே இருந்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நண்பர்கள் எல்லோரும் கிளம்பிப் போய்விடுவார்கள், ஒவ்வொரு முறையும் மனம் உடையும். தங்கியிருப்பவர்களைத் தேடிப் பழகுங்கள். நூலகம், நகராட்சி நடத்தும் சமூக விருந்துகள், தேவாலயக் கூடங்கள், தன்னார்வப் பணிகள் என்று அவர்கள் கூடும் இடங்கள் இருக்கின்றன. பிலிப்பைன்ஸ் சமூகம் இதில் நமக்கு முன்னோடி. ஒருவர் வந்து, கால் ஊன்றி, அடுத்தவருக்கு அறையும் வேலையும் சொல்லிக் கொடுத்து, பிள்ளைகளை வளர்த்து, ஊரின் அங்கமாகவே ஆகிவிட்டார்கள்.

தமிழர் கூட்டம் என்று பார்த்தால் கால்கரிக்குத்தான் போக வேண்டும். கோயிலும் இட்லி அரிசியும் மீன் கடையும் அங்கேதான். மாதம் ஒருமுறை சேர்ந்து போய் வாங்கி வருவது நல்ல பழக்கம். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தை நேரே மாற்றித் தர மாட்டார்கள், எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. ஊரில் ஓட்டிய அனுபவத்துக்கான சான்றைக் கையோடு கொண்டு வாருங்கள்.

குளிர் மைனஸ் 30 வரை போகும் நாட்கள் உண்டு. காலணிக்கும் கையுறைக்கும் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டு வாசலில் குப்பைத் தொட்டி வைக்கக் கூடாது. கரடி திறக்க முடியாத பொதுத் தொட்டிகளில் கொண்டுபோய்ப் போட வேண்டும். எல்க் மான்கள் தெருவில் சர்வசாதாரணமாக நடக்கும். 30 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், கரடி என்றால் 100 மீட்டர். செப்டம்பர், அக்டோபரில் ஆண் எல்க்கும், மே, ஜூனில் குட்டி போட்ட எல்க்கும் ஆளை முட்ட வரும்.

பி.ஆர். வந்த பிறகு

பி.ஆர். நிலையைக் காக்க ஐந்து ஆண்டில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். குடியுரிமைக்கு ஐந்து ஆண்டில் 1,095 நாள். பி.ஆர். கிடைக்கும் முன் வொர்க் பர்மிட்டில் இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, அதிகபட்சம் 365 நாள் வரை இதில் சேரும். ஆகவே முதல் சீசனிலிருந்தே நாட்டை விட்டு வெளியே போன தேதிகளைக் குறித்து வையுங்கள்.

பி.ஆர். வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், பர்மிட்டுக்காகப் பொறுத்துக்கொண்ட வேலையை விடுவது. அதில் தவறில்லை. ஆனால் அடுத்த வேலை கேன்மோரிலோ கால்கரியிலோ என்றால், பான்ஃபில் வசிக்கும் தகுதி உங்களுக்குப் போய்விடும். துணைவர் பூங்காவுக்குள் வேலை செய்தால் அவர் மூலம் குடும்பம் தங்கலாம். அதனால் இருவரும் வேலை செய்யும் வீட்டில் ஒருவரின் வேலையாவது ஊருக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தமாக உணவகமோ கடையோ தொடங்கினாலும் தகுதி உண்டு, நாள்தோறும் நீங்களே நின்று நடத்துவதாக இருந்தால்.

வீடு வாங்கி இங்கேயே முதுமையைக் கழிக்க நினைப்பவர்கள் இன்னொரு விதியை இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் பூங்காவுக்குள் வசிக்க, ஓய்வுக்கு நேர் முந்தைய ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக அங்கே முதன்மை வேலையோ தொழிலோ இருந்திருக்க வேண்டும். இருபது ஆண்டு பான்ஃபில் உழைத்துவிட்டு, கடைசி இரண்டு ஆண்டு கூடுதல் சம்பளத்துக்காகக் கால்கரிக்குப் போனால், இந்தக் கணக்கில் அந்த இருபது ஆண்டும் நிற்காது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எந்தப் புது வேலையை ஏற்கும் முன்னும் இந்த ஐந்து ஆண்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.